ஓசியா குடுத்து ஊரைப் பிடிச்சவர்: அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவின் கதை

உங்க எல்லாருக்கும் ஒரு கேள்வி.

உங்க வீட்டுல யாரோ ஒருத்தர் சின்னதா ஒரு தொழில் ஆரம்பிக்கிறாங்கன்னு வைங்க. அம்மா இட்லிப் பொடி போட்டு விக்கலாம். அண்ணன் மொபைல் சர்வீஸ் கடை போடலாம். ஏன், பிளேஸ்மென்ட் சரியா அமையலைன்னா நீங்களே கூட ஏதாவது ஆரம்பிக்கலாம். அட்வான்ஸ் குடுத்தாச்சு, சரக்கு வாங்கியாச்சு, கரண்ட் கனெக்‌ஷன் வாங்கியாச்சு. எல்லாம் போக விளம்பரத்துக்குன்னு மிச்சம் இருக்கிறது ஐயாயிரம் ரூபாய். அதை எங்க போடுவீங்க?

நம்ம ஆளுங்க சொல்ற பதில் எனக்குத் தெரியும். ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. திறப்பு விழா அன்னைக்கு ரெண்டு ஸ்பீக்கர். மிச்சக் காசுல இன்ஸ்டாகிராமில் ஒரு ரீலை பூஸ்ட் பண்றது. அவ்வளவுதான், ஐயாயிரம் காலி.

எங்க ஆரம்பாக்கத்துல நெடுஞ்சாலை ஓரமா ஒரு நடை நடந்தீங்கன்னா இது எவ்வளவு சீரியஸான விஷயம்னு புரியும். தமிழ்நாடு முடியற இடம் எங்க ஊரு. அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. தெற்குப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். டீக்கடை, டிபன் கடை, பஞ்சர் கடை, ஜெராக்ஸ் கடைன்னு எல்லாமே ஷிப்டுக்குப் போற வர்ற ஆளுங்களையும் லாரி டிரைவர்களையும் நம்பி ஓடுது. போர்டு தமிழ்லயும் தெலுங்குலயும் இருக்கும். சில இடத்துல போர்டு மட்டும் இருக்கும், கடை இருக்காது. பெரிய கம்பெனிக்கு ஒரு விளம்பரம் ஊத்திக்கிட்டா அடுத்தது எடுப்பாங்க. இவங்களுக்கு ஒரே ஒரு சான்ஸ்தான். அந்த ஐயாயிரம் தப்பான இடத்துல போச்சுன்னா, ஆறாவது மாசம் ஷட்டர் இறங்கிடும்.

அதனால, நூத்து முப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே சிக்கலோட நின்ன ஒருத்தரோட வாழ்க்கையை இந்த இதழ்ல சொல்லப் போறேன். அவர் பேரு காசிநாதுனி நாகேஸ்வர ராவ். பேரைக் கேட்டா யாருன்னு யோசிப்பீங்க. ஆனா அவர் செஞ்ச பொருள் உங்க பாட்டியோட தலைமாட்டுல கண்டிப்பா இருந்திருக்கும். மஞ்சக் கலர் தைலம். அமிர்தாஞ்சன்.

டிகிரி வாங்கினவர், ஆனா ஆபீஸ் வேலைக்குப் போகலை

நாகேஸ்வர ராவ் பொறந்தது 1867 மே 1ஆம் தேதி, கிருஷ்ணா மாவட்டத்துல. எங்க ஊர் வழியா வடக்க போற இதே ரயில் பாதையில போய்க்கிட்டே இருந்தா நெல்லூர், ஓங்கோல் தாண்டி அந்தப் பக்கம்தான் வரும். அன்னைக்கு ஆந்திரான்னு தனியா ஒரு மாநிலம் கிடையாது. தெலுங்கு பேசற கடலோர மாவட்டங்களும் நம்ம தமிழ் மாவட்டங்களும் எல்லாம் சேர்ந்து மதராஸ் மாகாணம். அதனால மேல்படிப்புன்னா மெட்ராஸ்தான்.

ஊர்லயும் மசூலிப்பட்டினத்துலயும் படிச்சுட்டு மெட்ராஸ் வந்து, கிறிஸ்தவக் கல்லூரியில 1891இல் டிகிரி முடிச்சார். அந்தக் காலத்துல பி.ஏ. முடிச்ச பையன்னா ஊரே திரும்பிப் பார்க்கும். அரசாங்க உத்தியோகம், மாசாமாசம் சம்பளம், கடைசியில பென்ஷன்னு பாதை போட்டே வச்சிருக்கும். இன்னைக்கு நமக்கு ஐ.டி. கம்பெனி ஆஃபர் லெட்டர் மாதிரி.

இவர் அந்தப் பாதையில போகலை. மெட்ராஸ்லயே கொஞ்ச நாள் வியாபாரம் பண்ணிப் பார்த்தார். அப்புறம் கல்கத்தா போய் மருந்துத் தொழில் கத்துக்கிட்டார். அங்கேருந்து பம்பாய் போய் ஒரு கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தார். ரெண்டே வருஷத்துல மூணு ஊரு. ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒண்ணு கத்துக்கிட்டுதான் கிளம்பியிருக்கார்னு பின்னாடி அவர் செஞ்ச வேலையைப் பார்த்தா தெரியுது. மருந்து செய்யத் தெரிஞ்சது கல்கத்தாவுல. கம்பெனி எப்படி நடக்குதுன்னு பார்த்தது பம்பாய்ல.

1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் பொறந்தது. அப்போ அவருக்கு 26 வயசு. ஃபைனல் இயர்ல இருக்கிற நம்மளை விட அஞ்சு வயசுதான் கூட!

பத்து அணான்னா சும்மா இல்லை

இப்ப அவரோட நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பம்பாய் அவருக்கு சொந்த ஊரு இல்லை. அந்த ஊரோட மராத்தியும் குஜராத்தியும் அவர் தாய்மொழி இல்லை. பெரிய முதலாளி குடும்பமும் இல்லை. பத்திரிகையைத் திறந்தா பக்கத்துக்குப் பக்கம் வெளிநாட்டு மாத்திரை, டானிக், களிம்பு விளம்பரம். அதுல பாதி, தலைவலியில இருந்து தலைமுடி வரைக்கும் ஒரே மருந்துல சரியாகும்னு சொல்ற டைப்பு. ஜனங்களுக்கு அதைப் படிச்சுப் படிச்சு அலுத்துப் போயிருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல புதுசா ஒரு பேரு, புதுசா ஒரு தைலம்.

விலையையும் பாருங்க. ஒரு டப்பா பத்து அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படின்னா அரை ரூபாய்க்கு மேல. அன்னைக்குக் கூலி வேலைக்குப் போறவர் ஒரு நாள் முழுக்க உழைச்சாலும் கையில வராத காசு அது. குமாஸ்தா வேலை பார்க்கிறவரும் ரெண்டு தடவை யோசிச்சுதான் எடுப்பார்.

வாங்கறவர் பக்கம் நின்னு பாருங்க. பத்து அணா குடுத்து வாங்கி, அது வேலை செய்யலைன்னா? காசு போச்சு. வீட்டுல திட்டு வேற. அதனால ஒரு புதுப் பொருளை மக்கள் வாங்காம இருக்கிறதுக்குப் பல நேரம் காரணம் அது தெரியாம இருக்கிறது இல்லை. தெரிஞ்சும் பயப்படறாங்க. போர்டு எவ்வளவு பெருசா வச்சாலும் அந்தப் பயம் போகாது. இது நம்ம ஊரு டிபன் கடைக்கும் பொருந்தும், மொபைல் சர்வீஸ் கடைக்கும் பொருந்தும்.

நாகேஸ்வர ராவ் கை வச்சது அந்தப் பயத்து மேலதான்.

கச்சேரிக்கு வந்தவங்க தலையில

அவர் என்ன பண்ணார்னா, சங்கீதக் கச்சேரி நடக்கிற இடங்களுக்குத் தைலத்தைக் கொண்டு போய் வந்தவங்களுக்கெல்லாம் ஓசியில குடுத்தார். இதுதான் அமிர்தாஞ்சன் சரித்திரத்துல எல்லாரும் சொல்ற விஷயம். ஒரு வரியில முடிஞ்சு போற கதைதான். ஆனா அந்த ஒரு வரியை நம்ம சர்க்யூட் டயகிராம் பிரிக்கிற மாதிரி பிரிச்சுப் பார்த்தா உள்ள நிறைய இருக்கு. இனி சொல்றது என்னோட கணிப்பு, நீங்களும் யோசிச்சுப் பாருங்க.

முதல் விஷயம், ஆளுங்க. கச்சேரிக்கு வர்றவங்க யாரு? நேரமும் கொஞ்சம் காசும் இருக்கிறவங்க. பத்து அணா குடுக்கக் கூடியவங்க. ரோட்டுல போற ஆயிரம் பேருக்குக் குடுத்தா அதுல எத்தனை பேரால திரும்பி வந்து வாங்க முடியும்? இங்க உட்கார்ந்திருக்கிற இருநூறு பேர்ல பாதிப் பேரால முடியும். அதே சாம்பிள், அதே செலவு. குடுக்கிற இடம்தான் கணக்கை மாத்துது.

ரெண்டாவது, நேரம். கச்சேரின்னா மணிக்கணக்குல உட்காரணும். கூட்டம், புழுக்கம், விளக்குச் சூடு. தலை கனக்கும், கழுத்து பிடிக்கும். தைலம் தேவைப்படற அந்த நிமிஷத்துலயே தைலம் கைக்கு வருது. காலையில மார்க்கெட்டுல குடுத்திருந்தா வீட்டுக்குப் போய் எங்கேயாவது வச்சுட்டு மறந்திருப்பாங்க.

மூணாவது, வாசனை. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாயின்ட். கற்பூரம், மெந்தால் மாதிரி பொருளெல்லாம் சாதாரண வெப்பத்துலயே ஆவியாகும். முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில படிச்சது ஞாபகம் இருக்கா? ஒருத்தர் நெத்தியில தடவினா முன்னாடி ரெண்டு வரிசை, பின்னாடி ரெண்டு வரிசை எல்லாருக்கும் வாசனை போகும். என்ன அதுன்னு கேப்பாங்க. டப்பா கை மாறும். காசு குடுக்காம ஒரு விளம்பரம் தானா சுத்துது.

நாலாவது, பேச்சு. கச்சேரி முடிஞ்சா ஜனங்க உடனே கலைய மாட்டாங்க. நின்னு பாட்டைப் பத்திப் பேசுவாங்க. அதுக்கு நடுவுல தைலத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை வரும். வீட்டுக்குப் போய் அதையே சொல்வாங்க. இப்ப நாம ஷேர் பண்றோமே, அதேதான்.

ஆனா இதுக்கெல்லாம் அடியில ஒரு நிபந்தனை இருக்கு. தைலம் நல்லா இருக்கணும். தடவின அஞ்சு நிமிஷத்துல இதமா இல்லைன்னா, இருநூறு பேருக்குக் குடுத்த சாம்பிள் இருநூறு பேரோட வாய் வழியா கம்பெனியை மூடியிருக்கும். பத்திரிகை விளம்பரத்துல பொய் சொல்லலாம். சாம்பிள்ல பொய் சொல்ல முடியாது. பெரிய பெரிய வாக்குறுதியா விளம்பரம் வந்துக்கிட்டிருந்த காலத்துல, தடவிப் பாருங்கன்னு டப்பாவை நீட்டினவர் தன் பொருள் மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருந்திருக்கணும்!

பேரையும் கவனிங்க. அமிர்தம், அஞ்சனம். அஞ்சனம்னா மை, பூச்சு. தெலுங்கருக்கும் புரியும், தமிழருக்கும் புரியும், மராத்திக்காரருக்கும் குஜராத்திக்காரருக்கும் வங்காளிக்கும் புரியும். ஒரு எழுத்து மாத்தாம நாடு முழுக்கப் போகக்கூடிய பேரு. மொழிபெயர்ப்புச் செலவு சுத்தமா மிச்சம். தமிழும் தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் ஒரே டீக்கடையில கேக்கிற எங்க பெல்ட்ல கடை வைக்கிறவங்க இதை நிச்சயம் யோசிக்கணும். எந்த மொழிக்காரர் வாயிலயும் சுலபமா நுழையற பேருதான் நாலு பேர் கிட்ட போகும்.

தைலம் பிச்சுக்கிட்டுப் போச்சு. பத்து அணா டப்பா அவரைப் பெரிய பணக்காரர் ஆக்கிச்சு.

தைலம் வித்த காசுல பத்திரிகை

இத்தோட கதை முடிஞ்சிருந்தா அவர் ஒரு கெட்டிக்கார வியாபாரி, அவ்வளவுதான். ஆனா அவர் வாழ்க்கையோட பெரிய பாகம் இதுக்கு அப்புறம்தான் வருது.

1907இல் சூரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். மிதவாதிகளும் தீவிரவாதிகளும்னு காங்கிரஸ் ரெண்டா உடைஞ்ச மாநாடு அது. சுதேசி இயக்கம் சூடா இருந்த நேரம். நாடு முழுக்க என்ன நடக்குதுன்னு தெலுங்கு ஜனங்களுக்கு அவங்க மொழியில போய்ச் சேரணும்னு நினைச்சு, அடுத்த வருஷம், 1908இல், பம்பாயில இருந்தே ஆந்திர பத்ரிகா என்ற தெலுங்கு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மராத்தி ஊர்ல உட்கார்ந்து தெலுங்குப் பத்திரிகை நடத்தறது எவ்வளவு கஷ்டம்னு நம்ம இ-இதழை மாசாமாசம் வெளியே கொண்டு வர்ற டீமைக் கேட்டா தெரியும்.

1914இல் பத்திரிகையும் தைலமும் ரெண்டும் மெட்ராஸுக்கு வந்தது. பத்திரிகை அந்த வருஷத்துல இருந்து நாளிதழ் ஆச்சு. பத்திரிகைக்கு நஷ்டம் வந்தா தாங்கிப் பிடிச்சது தைலத்தோட லாபம். வருஷாவருஷம் உகாதிக்குச் சிறப்பிதழ் போட்டார். 1924இல் பாரதி என்ற இலக்கிய மாத இதழ். அப்புறம் ஆந்திர கிரந்த மாலா என்ற பேர்ல புத்தகப் பதிப்பு. அச்சுக்கு வராம கிடந்த பழைய தெலுங்கு நூல்களும் அதுல வந்தது. நூலக இயக்கத்துக்கும் கை குடுத்தார்.

இதை மார்க்கெட்டிங்குக்காகப் பண்ணார்னு நான் சொல்லலை. அப்படிச் சொன்னா அவருக்கு அநியாயம். அவர் காங்கிரஸ்ல ஆந்திர மாகாணக் கமிட்டிக்குத் தலைவரா இருந்தவர். உப்பு சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போனவர். ஜெயில்ல உட்கார்ந்து பகவத் கீதைக்கு உரை எழுதினவர். தைலம் விக்கணும்னு யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டாங்க.

ஆனா விளைவு என்னன்னு பாருங்க. காலையில வீட்டுக்கு வர்ற பேப்பர் அவருடையது. நூலகத்துல எடுக்கிற புத்தகம் அவருடையது. மேடையில பேசறவர் அவர். அதே மனுஷன் செஞ்ச தைலம் கடையில இருக்கு. அதை வாங்க யாராவது யோசிப்பாங்களா? ஒருத்தர் மேல ஊருக்கு இருக்கிற நம்பிக்கையை எந்த பட்ஜெட்டாலயும் வாங்க முடியாது. அது பல வருஷம் கூடவே நின்னாத்தான் வரும்.

இதே மாதிரி இன்னொருத்தர் கதையும் சொல்றேன். சிங்கப்பூர்ல இருந்து மாமா வந்தா பெட்டியில கோடாலி தைலம், டைகர் பாம் ரெண்டும் இருக்கும்ல? அந்த டைகர் பாமைப் பரப்பினவர் ஆ பூன் ஹா. ரங்கூன்ல குடும்பத்தோட சின்ன மருந்துக்கடை, அங்கேருந்து சிங்கப்பூர் வந்தவர். காருக்குப் புலி முகம் வச்சு ஊரைச் சுத்தினார். 1929இல் சிங்கப்பூர்ல ஒரு சீனப் பத்திரிகையும் தொடங்கினார். இவர் விஷயத்துல தன் பாமுக்கு விளம்பரம் பண்றதும் பத்திரிகைக்கு ஒரு காரணம்தான். தைலம் வித்த ரெண்டு பேரும் பத்திரிகைக்காரங்களா ஆனது சுவாரசியமான ஒற்றுமை. ஆனா புலிக்கார் வாங்க நம்ம கிட்ட காசு இல்லை. கச்சேரி வாசல் வரைக்கும் நம்மால நடக்க முடியும்.

கடலூர்லயும் இதேதான்

பழைய கதைப்பா, இன்னைக்கு செல்லுமான்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. அதனால கொஞ்சம் பக்கத்து உதாரணம். 1983இல் சி.கே. ரங்கநாதன் கடலூர்ல 15,000 ரூபாயோட சிக் ஷாம்பு ஆரம்பிச்சார். ஷாம்புவைப் பாக்கெட்ல அடைக்கிற யோசனையை அவருக்கு முன்னாடியே அவர் அப்பா சின்னி கிருஷ்ணன் கொண்டு வந்திருந்தார். பாட்டில் வாங்க முடியாதவங்களும் ஒரு தடவைக்கு மட்டும் வாங்கிப் பார்க்கலாம்ங்கிறது அதோட தத்துவம்.

சிக் என்ன பண்ணுச்சுன்னா, கிராமத்துக்குள்ள போய் ஒரு பையனை உட்கார வச்சு, எல்லார் முன்னாடியும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினாங்க. தலையைத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்கன்னாங்க. காலி பாக்கெட் கொண்டு வந்தா புது பாக்கெட் ஓசின்னு ஒரு ஸ்கீமும் போட்டாங்க. கச்சேரியில தைலம் குடுத்ததுக்கும் இதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 90 வருஷம். அடிப்படை ஒண்ணுதான். வாங்கறவரோட பயத்தை நம்ம செலவுல குறைக்கிறது.

ஒரு கணக்கு போடலாமா?

இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்கு இல்லாம எப்படி? இது கற்பனைக் கணக்குதான், உங்க நம்பரை நீங்க போட்டுக்கங்க.

எங்க ஏரியாவுல ஒரு அக்கா இட்லிப் பொடி விக்கிறாங்கன்னு வைங்க. 100 கிராம் பாக்கெட் 60 ரூபாய். செய்ய ஆகிற செலவு 35. ஒரு பாக்கெட்டுக்கு 25 ரூபாய் நிக்கும். 5 கிராம் சாம்பிள் கவர் ஒண்ணுக்குப் பொடி 1 ரூபாய் 75 காசு, கவருக்கு 75 காசு. மொத்தம் ரெண்டரை ரூபாய். 200 சாம்பிள் போட்டா 500 ரூபாய்.

இந்த 200ல பத்துக்கு ஒருத்தர் வாங்கினாக்கூட 20 பேர். 20 பேருக்கு 25 ரூபாய்ன்னா 500. முதல் தடவையே போட்ட காசு வந்தாச்சு. அந்த 20 பேர்ல 8 பேர் மாசம் ஒரு பாக்கெட் எடுத்தா, மாசம் 200 ரூபாய் தானா வந்துக்கிட்டே இருக்கும். பத்து பேர் மட்டும்தான் வாங்கினாங்கன்னா 250 ரூபாய் நஷ்டம். அப்பவும் கையில 4500 இருக்கு. பொடியில உப்பு ஜாஸ்தியா, குடுத்த இடம் சரியில்லையான்னு பார்த்து இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். மொத்த ஐயாயிரத்தையும் ஒரே நாள்ல ஃப்ளெக்ஸ்ல போட்டவருக்கு அந்த ரெண்டாவது வாய்ப்பு இல்லை.

சரி, எங்க குடுக்கிறது? இதுதான் கச்சேரிக் கேள்வி. ரோட்டுல போற வர்றவங்களுக்கு வேணாம். சிப்காட்ல வேலை செஞ்சுக்கிட்டு ரூம் எடுத்து நாலு பேரா தங்கி, தானே சமைச்சுச் சாப்பிடறவங்க இருக்காங்க பாருங்க, அவங்கதான் இந்தப் பொடிக்கு ஆளு. ஷிப்ட் முடிஞ்சு பசியோட வந்து மாவு பாக்கெட் வாங்கற கடை எது? அந்தக் கடைக்காரர் கிட்ட பேசி, மாவு வாங்கறவங்களுக்கு ஒரு சாம்பிள் கவர் சேர்த்துக் குடுக்கச் சொன்னா போதும். ஆள் சரி, நேரமும் சரி. கடைக்காரருக்கும் மாவு கூட போகும். கவர் மேல பேரு, போன் நம்பர், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு நம்பர் மூணும் தெளிவா இருக்கணும். சாப்பிடற பொருளை யாரு செஞ்சாங்கன்னு தெரியாம யாரும் வாயில வைக்க மாட்டாங்க.

ஒண்ணு சொல்லிடறேன், இந்த வழி எல்லாத்துக்கும் ஒத்து வராது. மூணு விஷயம் சரியா இருக்கணும். சாம்பிள் செய்ய ஆகிற செலவு ரொம்பக் கம்மியா இருக்கணும். பலன் உடனே தெரியணும். தீர்ந்து போய் மறுபடி வாங்கற பொருளா இருக்கணும். தைலம், பொடி, ஷாம்பு, டீத்தூள் இதுக்கெல்லாம் சரி. பீரோ செய்றவர் சாம்பிள் குடுக்க முடியாது. மொபைல் சர்வீஸ் பண்றவர் வேணும்னா சார்ஜிங் போர்ட்டை ஓசியில சுத்தம் பண்ணித் தரலாம். அஞ்சு நிமிஷ வேலை, செலவு ஒண்ணுமில்லை, கை சுத்தம்னு கஸ்டமருக்குத் தெரிஞ்சுடும். அடுத்த தடவை டிஸ்ப்ளே உடைஞ்சா யார் கிட்ட போவார்?

ரீல்ஸ் போடாதீங்கன்னும் நான் சொல்லலை. பொடி வாங்கின பேச்சுலர் ஒருத்தர் தன் ரூம்ல அதை வச்சு தோசை சாப்பிடறதை அவரே வீடியோ எடுத்துப் போட்டா, அதுதான் இன்னைக்குக் கச்சேரி வாசல்ல நடக்கிற பேச்சு. ஆனா வரிசை முக்கியம். முதல்ல பொருள் அவர் வாய்க்குப் போகணும். அப்புறம்தான் வீடியோ.

கடைசி வருஷங்கள்

1936இல் அமிர்தாஞ்சன் பப்ளிக் லிமிடெட் கம்பெனி ஆச்சு. ஒரு ஆளோட தொழில் ஒரு நிறுவனமா மாறின வருஷம். அவரை ஜனங்க தேசோத்தாரகர்னு பட்டம் குடுத்துக் கூப்பிட்டாங்க. ஆந்திரப் பல்கலைக்கழகம் கலாப்பிரபூர்ணா பட்டம் குடுத்து கௌரவிச்சுது.

மயிலாப்பூர்ல இருந்த அவர் வீட்டுக்கு ஸ்ரீ பாக்னு பேரு. 1937 நவம்பர் 16ஆம் தேதி அந்த வீட்டுல கடலோர ஆந்திரா, ராயலசீமா ரெண்டு பக்கத் தலைவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. தனி ஆந்திரா வந்தா யாருக்கு என்னன்னு முடிவு பண்ண அந்த ஒப்பந்தத்துக்கு ஸ்ரீபாக் ஒப்பந்தம்னே பேரு. அடுத்த வருஷம், 1938 ஏப்ரல் 11ஆம் தேதி நாகேஸ்வர ராவ் காலமானார். வயசு 70. அவர் கேட்ட ஆந்திர மாநிலம் வந்தது 1953இல், அவர் போய்ப் பதினஞ்சு வருஷம் கழிச்சு.

எங்க ஊர் ஆளுங்க தினமும் தாண்டிப் போற அந்த மாநில எல்லைக்குப் பின்னாடி, ஒரு தைலக்காரரோட வீட்டு வாசலும் இருக்குன்னு யோசிச்சா ஆச்சரியமாத்தான் இருக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவுலயும் இந்தப் பக்கம் ஆரம்பாக்கத்துலயும் ரெண்டு பக்கமும் மெடிக்கல் ஷாப்புல அதே மஞ்சத் தைலம் இருக்கு. எல்லை வந்தது, பாதி கடைகள்ல போர்டோட மொழி மாறிச்சு, அந்தப் பேரு மட்டும் மாறலை.

நீங்க மெட்ராஸ் போனா ஒரு நாள் லஸ் சர்ச் ரோட்டுக்குப் போய்ப் பாருங்க. நாகேஸ்வர ராவ் பூங்கா அங்கதான் இருக்கு. காலையில வாக்கிங் வர்ற தாத்தா பாட்டிங்க, பெஞ்சுல உட்கார்ந்து படிக்கிற பசங்கன்னு நல்லா இருக்கும். பார்க்குக்குள்ள போக டிக்கெட் எல்லாம் கிடையாது. அதுவும் ஓசிதான்!

அப்புறம், உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது அந்த ஐயாயிரம் ரூபாயைக் கையில வச்சுக்கிட்டு ஃப்ளெக்ஸ் கடை வாசல்ல நின்னாங்கன்னா, உள்ள போறதுக்கு முன்னாடி அவங்க கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. உங்க பொருள் யாருக்கு, எந்த நேரத்துல தேவைப்படும்? அந்த நேரத்துல அவங்க எங்க இருப்பாங்க? பதில் கிடைச்சுட்டா, அதுல ஐநூறு ரூபாயை எடுத்துக்கிட்டு அங்க போகச் சொல்லுங்க.